மாமரத்து மாப்பிள்ளை

திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் கல்லூரி மலருக்குக் கதை அனுப்பியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அச்சில் என் பெயர் வர வேண்டாமா? ஆனால் முதல் வரியே வரவில்லை.

பக்கத்து சீட்டில் பெரிய குங்குமப் பொட்டு வைத்த ஓர் அக்கா. போனில் யாரை அழைத்தாலும் நடுவிலிருந்தே தொடங்கினார்: "மாப்பிள்ள மாமரத்துல ஏறிக்கினு எறங்கவே மாட்டேன்னுட்டாரு!"

"முதல்லருந்து சொல்ல மாட்டீங்களாக்கா?" என்றேன்.

"அதெல்லாம் அவளுங்களே கேப்பாளுங்க பாப்பா. பொண்ணு பாத்ததுலருந்து ஆரம்பிச்சா போனை வெச்சிடுவாளுங்க!"

நானும் என் கதையை நடுவிலிருந்து தொடங்கினேன். கைபேசியில் விரல் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் விக்கிரவாண்டியில் இறங்கிப் போயிருந்தார்.

கதை என் பெயரோடு வந்துவிட்டது. அந்த மாப்பிள்ளை மரத்திலிருந்து இறங்கினாரா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.