கிராணி போட்ட தேதி

என் அம்மா பிறந்தது எந்த நாள்?

பெற்ற மகளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு... இல்லை.

ஈப்போவில் ஒரு பெரிய ஹோட்டலின் மேல்மாடியில் புதிதாக ஓர் உணவகம். டி.வி.யில் வாராவாரம் சமைத்துக் காட்டுகிறாரே ஒரு சீனர், அவருடையது. பிறந்த நாளன்று ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையைக் காட்டினால் அவரே மேசைக்குக் கேக் கொண்டு வருவாராம்.

அம்மா சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இன்னும் பால்மரம் வெட்டுகிறார். எங்கள் பிறந்த நாளுக்கெல்லாம் கேசரி கிண்டியவர். அவருக்கு யாரும் எதையும் கிண்டியதில்லை. இந்த வருடம் செய்தே தீருவது என்று முடிவு கட்டினேன். ஐ.சி.யில் இருந்த தேதிக்கு டெலிபோனில் மேசை பிடித்தேன். நல்லவேளை, அது ஞாயிற்றுக்கிழமை. வேலை நாளாக இருந்தால் அம்மா அசைந்திருக்க மாட்டார்.

காரணத்தைச் சொல்லாமலே வரவழைத்தேன். தப்பா? சொல்லியிருந்தால் வந்திருப்பாரா? மெனுவில் விலை இருந்த பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பால் நிறுக்கிற தராசைப் பார்த்துப் பார்த்து எண் நன்றாகவே படிப்பார்!

கோழி வந்தது. மேலே கேரட்டில் செதுக்கிய பூ.

"இந்தப் பூவையும் திங்கணுமாடி?"

"அது அழகுக்கும்மா."

"அழகுக்குன்னா ஜாடியில வைக்கட்டும். தட்டுல எதுக்கு?"

அப்புறம் அவரே வந்தார். உயரமான வெள்ளைத் தொப்பி, கையில் கேக், பின்னால் பாடிக்கொண்டே நான்கு பணியாளர்கள். அம்மாவும் சேர்ந்து கைதட்டினார் – பக்கத்து மேசையைப் பார்த்து.

"உங்களுக்குத்தாம்மா! இன்னிக்கு உங்க பொறந்த நாளு."

"எனக்கா? யாரு சொன்னா?"

"ஐ.சி.யில இருக்கே!"

"அடி போடி. அது கிராணி போட்ட தேதி."

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எப்போதாவதுதான் டவுனுக்குப் போவாராம். அதுவரை பிறந்த குழந்தைகளையெல்லாம் ஒரே தேதியில் பதிந்துவிட்டு வருவாராம்.

"மாரியாயி, கண்ணம்மா, செத்துப்போன வீராசாமி... எட்டுப் பேருக்கு இதே தேதிதான். எட்டுப் பேருமா ஒரே நாள்ல பொறப்போம், சொல்லு?"

அதோடு விட்டாரா? சமையல்காரரிடம் திரும்பினார்.

"தௌக்கே, ஹாரி இனி புக்கான் லா!"

முதலாளி, இன்றைக்கு இல்லையாம். எனக்கு மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் இருந்த என் ஆறு வயது மகள் சத்தமாகக் கேட்டாள்: "அம்மா, நீங்க அங்கிள்கிட்ட பொய் சொன்னீங்களா?"

அந்த மனிதர் சிரித்துவிட்டார். கேக்கை வைத்துவிட்டு, சரியான நாள் எது, சொல்லுங்கள், அன்றைக்கு நானே சமைத்துப் போடுகிறேன் என்றார்.

அவர் மலாயில் வேகமாகச் சொன்னதை நான் தமிழில் மாற்றிச் சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"யாருக்குத் தெரியும்? மழ நாளுன்னு மட்டும் எங்கம்மா சொல்லும். மரமெல்லாம் நனஞ்சி கெடந்துச்சாம், யாருக்கும் வேல இல்லையாம். எங்கம்மாவுக்கு ஒரு நாள் வேலகூட கெடாம பாத்துப் பொறந்தவடி நானு!"

பெருமையாகத்தான் சொன்னார். நான் என் துண்டை அவர் தட்டுக்குத் தள்ளினேன். அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார்.

"தேதி பொய்யா இருந்தா என்னா, கேக்கு நெசந்தானே!"

மீதியை மாரியாயிக்கும் கண்ணம்மாவுக்கும் கட்டி வாங்கிக்கொண்டார். கிராணி கணக்கில் அவர்களுக்கும் இன்றைக்குத்தானே!

பஸ் ஏற்றிவிடும்போது கேட்டேன். "இனிமே எந்த நாளும்மா வச்சிக்கலாம்?"

"நீயே ஒன்ன போட்டுக்க. ஞாயித்துக்கெழமையா பாத்துப் போடு. வேல கெடக் கூடாது."

நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் நிம்மதியாகத்தானே இருக்கிறார், நான் ஏன் கிளறுகிறேன்? இது அவருக்காகவா, என் மனத் திருப்திக்காகவா? தெரியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை கிடையாது! பிறந்த அன்று வேலை கெடவில்லை. பதிந்த தேதியோ கிராணியின் வசதிக்கு. இனிமேல் வைக்கப் போகும் நாளிலாவது அம்மாவின் வேலை கெட வேண்டும். தோட்டமே மரம் வெட்டப் போயிருக்கும் ஒரு காலையில் அவர் மட்டும் புதுச் சேலையில் ஈப்போ பஸ் ஏற வேண்டும். சண்டை போடுவார். போடட்டும்.

ஒரு யோசனை மட்டும் சொல்லுங்கள். சுங்காய், தெலுக் இந்தான் பக்கத்து வாசகர்களே, உங்கள் தோட்டங்களில் மழையால் வேலை நிற்காத மாதம் எது? ஓர் அஞ்சலட்டை போதும்.

தேதியை நான் போட்டுக்கொள்கிறேன்.