உண்ணி மாத்திரையும் ஆறு வீட்டு நாயும்

நாய் டாக்டரிடம் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் கடிப்பது நாயல்ல, கூட வருகிற மனிதர்கள்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்த சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில், ஈப்போ கிளினிக் ஒன்றில் நான் ‘மிஸி’; அங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்போதுதான் உண்ணிக்கு மாத்திரை வந்திருந்தது. நாய் விழுங்கினால், அதன் ரத்தத்தைக் குடிக்கிற உண்ணி சாகும். இதை விளக்கியே என் தொண்டை வறண்டது.

முதுகு வைத்தியம்

தோட்டத்து லோரி ஓட்டும் முனுசாமி அண்ணன் ஜிம்மி என்ற நாயைக் கொண்டுவந்தார். முதுகெல்லாம் கொத்துக் கொத்தாக உண்ணி. மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மறுவாரம் பார்த்தால் உண்ணி அப்படியே இருக்கிறது, நாய் மட்டும் பளபளக்கிறது. மாத்திரையை இடித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவியிருக்கிறார்! தலையில் அடித்துக்கொண்டேன். மனிதர் அசரவில்லை.

“உண்ணி முதுகுல இருக்கு மிஸி, வயித்துலயா இருக்கு?”

புது மாத்திரைகளை உறையில் போட்டு, கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘வாயில் போடவும். மூன்று நாளுக்கு ஒன்று மட்டும்.’ இதற்கு மேல் யாரால் தப்பு செய்ய முடியும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

கோழிக்கறி

அதே வாரம் டவுனில் கணக்கெழுதும் கிராணி ஒருவரின் மனைவி வந்தார். மாத்திரையைக் கோழிக்கறிக்குள் ஒளித்து வைத்தாராம். நாய் கறியைத் தின்று, எலும்பையும் தின்று, மாத்திரையை மட்டும் கழுவி வைத்ததுபோல் தட்டில் விட்டுவிட்டது. தொண்டைக்குள் தள்ளுவது எப்படி என்று செய்து காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார்.

“நாய்க்கு அறிவு இருக்குலா மிஸி. எங்க வீட்டுக்காரருன்னா பாக்காமலே முழுங்கியிருப்பாரு.”

ஆறு வீடு

இரண்டு நாள் கழித்து முனுசாமி அண்ணன் ஜிம்மியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம். செத்துவிடும் என்றே நினைத்தேன். டாக்டர் ஊசி போட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம்தான் அது தலையைத் தூக்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகை நின்றதும் கோபம் வந்தது.

“எத்தனை கொடுத்தீங்க அண்ணே?” என்று கத்தினேன்.

ஜிம்மி லயத்து நாய், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பொது நாய். ஆறு வீட்டிலும் சாப்பிடும். ஒரு வீடு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வருமென்று, வீட்டுக்கு ஒன்றாகப் பங்கு வைத்திருக்கிறார். ஆறும் ஒரே நாளில் உள்ளே போய்விட்டது. கண்ணைத் துடைத்தபடி, என் கையெழுத்துள்ள உறையை எடுத்து நீட்டினார்.

“ஒன்னு மட்டும்னு நீங்கதானே எழுதுனீங்க மிஸி? எந்த வீட்டுலயும் ஒன்னுக்கு மேல குடுக்கலலா.”

அன்றிலிருந்து உறையில் மாத்திரைக் கணக்கை எழுதுவதற்கு முன்பு, அந்த நாய் எத்தனை வீட்டில் சாப்பிடுகிறது என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு எனக்கும் அறிவு வந்துவிட்டது.