கோலா குபு பாருவில் பசியாறியது

எங்கள் குடும்பம் முதன்முதலாக நாடு சுற்றக் கிளம்பியபோது, முதல் நாள் காலையிலேயே வாந்தி எடுத்துப் பெயர் வாங்கியவள் நான். அப்போது ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் கூடினால் இன்றும் யாராவது அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். எனக்கு வெட்கமே கிடையாது.

செம்பனை லோரி ஓட்டும் அப்பா, கூட்டாளி ஒருவரிடம் வேன் இரவல் வாங்கியிருந்தார். கோலா சிலாங்கூரில் புறப்பட்டு ஈப்போ, கேமரன் மலை, பினாங்கு என்று சுற்றி வருவதாகத் திட்டம். வேனில் அப்பா, அம்மா, நான், அப்புறம் அப்பாவின் தங்கையான அத்தை. முதல் நாள் பசியாறுவது கோலா குபு பாருவில் என்று அப்பா முன்பே முடிவு செய்திருந்தார். மலாயில் ‘பாரு’ என்றால் புதியது. அவ்வளவு மலாய் எனக்கும் தெரியும். ஆனால் அப்பாவும் அம்மாவும் ஒரு வாரமாக, “பாருல பாத்துடுவோம் லா”, “பாருல பாத்தா போதும்” என்று குசுகுசுத்ததில், அந்த ஊரில் பார்ப்பதற்கு என்னவோ பெரிதாக, யானை கீனை இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பார்க்கப்பட இருந்தது யானை அல்ல, அத்தை.

அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் சிலர் எங்கள் வீட்டுக்கு வந்து, கேசரியைத் தின்றுவிட்டு, “சொல்லி அனுப்புறோம்” என்று போனார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அத்தைக்கு முப்பதைத் தாண்டிவிட்டது, நடை கொஞ்சம் சாயும். பாவிகளுக்கு அது போதாதா! இனி யாரும் வீடு தேடி வந்து தன்னைப் பார்க்கக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் வழியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் இந்த ஏற்பாடு. பிடிக்காவிட்டால் அவரவர் காடியில் ஏறிப் போய்விடலாம். இதுதான் கடைசி என்ற நிபந்தனையோடு அத்தையும் ஒத்துக்கொண்டாராம். எனக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் பத்தாங் காலியிலேயே அடம் பிடித்து தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் ஒரு பொட்டலத்தைக் காலி செய்திருந்தேன். அடுத்த ஊரான ராசாவைத் தாண்டும்போதே வயிறு கலங்கியது. சொன்னால் திட்டு விழும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடையில் ஓர் அம்மாவும் அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். “அட, நீங்களா!” என்று அப்பா போட்ட கூச்சலில் கடையே திரும்பியது. நடிப்பு அவருக்குச் சுத்தமாக வராது. அந்த அம்மா எனக்கு ஒரு பெரிய கிளாஸ் சிராப் பாண்டோங் வாங்கிக் கொடுத்துவிட்டு, அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் மேசையைப் பார்த்தார். அத்தை தேத்தண்ணீரைப் பார்த்தார். நான் அந்த ரோஸ் நிறப் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அத்தையின் பச்சைப் பட்டுச் சேலை மேல் அப்படியே வாந்தி எடுத்தேன். உள்ளே இருந்த நாசி லெமாக்கும் சேர்ந்து வந்தது.

“அடிப்பாவி, கெடுத்தியேடி!” என்று அம்மா கையை ஓங்கினார்.

அத்தை அந்தக் கையைத் தடுத்துவிட்டு என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். “எல்லாம் வரட்டும். பயப்படாத” என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்த அம்மாவின் மகன் எழுந்துபோய் வாளியும் துணியும் கொண்டுவந்து, தானே குனிந்து தரையைத் துடைத்தார்.

“புள்ளைக்குக் காய்ச்சலா?” என்று கேட்டார்.

“காய்ச்சல் இல்லைங்க. நாசி லெமாக்தான் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல” என்றார் அத்தை.

அவர் சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தார்.

மறுபடி வேனில் ஏறிக் கிளம்பினோம். அத்தை சேலையை மாற்றி டீ-சட்டையில் உட்கார்ந்திருந்தார். “எல்லாம் போச்சு” என்று அம்மா முனகினார். பினாங்குதான் போச்சு என்று நினைத்து நான் அத்தையின் மடியில் படுத்து அழுதேன்.

தஞ்சோங் மாலிமை நெருங்கும்போது அப்பாவின் கைப்பேசி அடித்தது. அவர் ஓரமாக நிறுத்திப் பேசினார். “சரிங்க... சரிங்கம்மா...” என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பேசி முடித்ததும் திரும்பி அத்தையைப் பார்த்தார்.

“அந்தம்மா சொல்றாங்க, ‘ஒங்க தங்கச்சி சேலையப் பாக்கல, புள்ளையத்தான் பாத்துச்சு. எங்களுக்கு அது போதும். மகனும் சரின்னுட்டான்’னு.”

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழ ஆரம்பித்தார். அம்மாவும் அழுதார். அன்று தரை துடைத்தவர்தான் என் மாமா. அத்தையை இன்றுவரை கண்கலங்க விடாத அந்த மனிதருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னால் பெரியவர்கள் அழுகிறார்கள் என்பது மட்டும்தான்.

“இனிமே வாந்தி எடுக்க மாட்டேன், அத்தை” என்றேன்.

அத்தை என்னை வாரி இறுக்கிக்கொண்டார். “நீ எடுடி தங்கம். எத்தன வாட்டி வேணும்னாலும் எடு” என்று விம்மினார்.

வாந்தி எடுத்தவளைப் போய் இப்படிக் கொஞ்சுகிறாரே, அத்தைக்கு என்ன ஆயிற்று என்று நான் பயந்தே போய்விட்டேன்.