ரேவதி (பெயர் மாற்றப்பட்டுள்ளது)

ஒரு தொழிற்சாலையின் மூன்றாம் லைனில் தொங்கிய பச்சை அட்டை கடந்த திங்கட்கிழமை எடுக்கப்பட்டுவிட்டது. சொன்னவர் எஸ்தர், அந்தத் தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருப்பவர். ஒருவர் சொன்னால் போதாது என்று அதே லைனில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணிடமும் கேட்டேன். அட்டை இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது என்றார்.

அந்த அட்டையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி எஸ்தர் எழுதிக் கொடுத்த நோட்டுத் தாள்களில் ரப்பர் வாசனை அடித்தது… கும்மிடிப்பூண்டியில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி. சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டுப் போகாத வாசனை.

பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, பெண்கள் உரிமைக்காக ஒரு வலைப்பூ தொடங்கியிருந்த நேரம் அது. முதல் சில மாதங்கள் நானே எழுதினேன். கம்பெனிப் பெண்களைப் பற்றி வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதுவது எனக்கே அலுத்துவிட்டது. அவர்களையே எழுதச் சொல்லலாம் என்று மீஞ்சூரில் லேடீஸ் பெட்டியில் ஏறி, காலை ஷிப்டுக்குப் போகிறவர்களோடு கும்மிடிப்பூண்டி வரை போவேன். பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பேன். இறங்கும் முன்னால் மெதுவாகக் கேட்பேன்.

"இன்னாக்கா, இன்ஷூரன்ஸா?"

இல்லை, கட்டுரை என்றால் பெட்டியே சிரிக்கும்.

"ஊட்டுக்குப் போய் சோறு ஆக்கவே நேரம் இல்ல, கட்டுரை எங்க எழுதறது? நீயே எதுனா எழுதிக்கோக்கா. நாங்க வேணா படிச்சிட்டு கைதட்டறோம்."

எஸ்தர் சிரிக்கவில்லை. "எத்தினி பக்கம்?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் மூன்று பக்கம் வந்தது. லைனில் இருபது பெண்கள், பாத்ரூம் போக ஒரே ஒரு அட்டை. அட்டை ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால், எடுத்துப் போனவர் திரும்பும்வரை நிற்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று எழுதியிருந்தார். நான் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.

பெயரில்தான் தகராறு.

"எம்பேரையே போடுக்கா. எழுதுனது நான்தானே?"

"நீ கான்ட்ராக்ட்மா. நாளைக்கே நிறுத்திடுவாங்க."

செய்தித்தாள் பழக்கம் எனக்கு. பெயரை மறைக்க வேண்டுமென்றால் மனதில் வரும் முதல் பெயரைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று எழுதிவிடுவோம். அன்று மனதில் வந்த பெயர் ரேவதி.

கட்டுரை வெளியான ஐந்தாம் நாள் எஸ்தர் ரயிலில் என் எதிரே வந்து நின்றார். உட்காரவில்லை.

"எங்க லைன்ல ரேவதின்னு ஒருத்தி கீறா. தெரியுமா உனக்கு?"

தெரியாது. அட்டையின் நிறம், லைனில் எத்தனை பேர், அட்டையை யார் மாட்டினார்கள்… எல்லாவற்றையும் இரண்டு பேரிடம் சரிபார்த்திருந்தேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை.

யாரோ கட்டுரையை செல்போனில் சூப்பர்வைசரிடம் காட்டியிருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் இருந்ததை அவர் படிக்கவில்லையா, படித்தும் நம்பவில்லையா, தெரியாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ரேவதியிடம் சொல்லிவிட்டார். ரேவதியும் கான்ட்ராக்ட்தான். வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

"அவளுக்கு வாட்ஸ்அப்ல குட்மார்னிங் தவிர ஒண்ணும் அனுப்பத் தெரியாதுக்கா. அவளப் போயி எழுதிட்டான்னு தொரத்திட்டானுங்க."

"நான் உங்க ஆபீசுல பேசறேன்," என்றேன்.

"நீ இன்னா பேசுவ? நான் பேசிக்கிறேன்."

அன்றே ஆபீசுக்குப் போய், எழுதியது நான்தான் என்று எஸ்தர் சொன்னார். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "இப்பவாவது எம்பேரப் போடு." போட்டேன்.

ஒரு வாரம் கழித்து ரேவதியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எஸ்தரை லைனிலிருந்து எடுத்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஏன் வேலையை விட்டே நிறுத்தவில்லை என்பது இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது.

ரேவதியை கவரைப்பேட்டை ஸ்டேஷனில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்க தோஷம்… நீங்களும் எழுதுங்களேன் என்று சொல்லிவிட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எழுதாததுக்கு எம்பேரப் போட்ட. நான் எழுதுனா எவ பேரப் போடுவ?"

வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார்.

இப்போது ரயிலில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கம்பெனிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் கட்டுரைக்கு அழைப்புப் போட்டால் அரைமணி நேரத்தில் குரல் பதிவுகள் வந்து குவிகின்றன. வேலை சுலபம். தாள் இல்லை, ரப்பர் வாசனை இல்லை, எதிரே வந்து நின்று கேட்கவும் ஆள் இல்லை… புனைபெயரை எழுதுகிறவரே சொல்கிறார். அதற்கு முன்னால் என் கேள்வி ஒன்றுதான்: உங்கள் லைனில் யார் யார், எல்லார் பெயரையும் சொல்லுங்கள்.

அட்டையை எடுத்த திங்கட்கிழமையே ரேவதிக்குப் போன் செய்தேன். இப்போது கவரைப்பேட்டையில் வேறு கம்பெனியில் இருக்கிறார்.

"அட்டையை எடுத்துட்டாங்களாம்."

"ஆணி?"

"இருக்குதாம்."

"அப்ப நாளைக்கே திரும்ப மாட்டுவானுங்க." சிரித்தார். "சரிக்கா, அன்னிக்கு ஸ்டேஷன்ல கேட்டியே, நான் எழுதறேன். எம்பேரே போடு. ஆனா இனிஷியலோட போடு. வேற எந்த ரேவதியும் மாட்டிக்கக் கூடாது."

ஆணியை எப்போது பிடுங்குவார்கள் என்பதற்குத் தகவல் இல்லை. ரேவதிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்று மாலைக்குள் கட்டுரையை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு இனிஷியல் மட்டும் வந்திருக்கிறது.

எம்.