பார்ப்பதற்கு முன்னால் போடும் மீன்

நாரைகளை எண்ணுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. நாலு நின்றால் நாலு என்று எழுதலாம். ஒன்றுகூட இல்லையென்றால் இல்லை என்று எழுதலாம். அப்படி எழுதியதற்காக எந்த நாரையும் என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. வம்பெல்லாம் மனுஷர் பிடித்த மீனை நிறுக்கப் போனபோதுதான் வந்தது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே, ஆறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் இருளர் குடியிருப்பு. நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரர் அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போய்விடுவார். வீட்டில் நானும் மாமியாரும்தான். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். போன வருஷம் கும்பகோணத்துப் பெண் ஒருத்தி, மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். ஆற்றில் என்ன மீன் இருக்கிறது, என்ன பறவை வருகிறது, நீர்நாய் தென்படுகிறதா என்று வாராவாரம் பார்த்து எழுத உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்றாள். ப்ளஸ் டூ படித்தவள் என்று எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். சம்பளம் கிடையாது, ஒரு தொப்பி உண்டு. அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் கொஞ்ச நாள் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

எங்கள் பெண்கள் வலை போடுவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறாலும் மீனும் பிடிப்பார்கள். ஓலையில் பின்னிய மீன்கூடையான பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் வேலை முடியும்வரை பேச்சே இருக்காது. அதற்கும் சேர்த்துக் கரையில் பேசித் தீர்ப்பார்கள். கரையேறும்போது ஒரு வழக்கம் உண்டு. நிறையக் கிடைத்தவள், கிடைக்காதவளின் பறியில் ஒரு கை மீனை அள்ளிப் போட்டுவிட்டு நடப்பாள். போடுகிறவள் அந்தப் பறிக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. வாங்குகிறவள் ஒன்றும் சொல்லக்கூடாது. யாருடைய பறி வெறுமையாக இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலேயே எல்லோர் வீட்டிலும் குழம்பு கொதிக்கும்.

அந்தப் பெண்ணும் அவளோடு வருகிறவர்களும் இந்த மீனை நிறுக்கத் தராசைக் கட்டியது ஆற்றோரத்தில் அல்ல, குடியிருப்பு வாசலில் உள்ள புளியமரத்தில். அதாவது கை போட்டு முடிந்த பிறகு. எல்லோர் பறியையும் நிறுக்க நேரமில்லை என்று வாரத்துக்கு மூன்று பறிதான். அதை வைத்து மொத்த ஊருக்கும் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். யார் யாருடைய பறி என்பதை முதல் நாளே எனக்குப் போனில் சொல்லிவிடுவாள். நான் போய் அந்த மூன்று பேரிடமும் சொல்வேன்.

சொன்னால் போதாதா! வெளியாள் பார்க்கப்போகிற பறி என்று தெரிந்ததும் ஊரே அதில் கை போட ஆரம்பித்தது. தன் பறியில் இருந்ததில் பாதியைக் கொட்டியவர்களும் உண்டு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, விருந்தாளி முன்னால் ஊர்க்காரி ஒருத்தி தலைகுனிந்து நிற்பதை அவர்களால் தாங்க முடியாது. நான்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் இரண்டாவது வாரமே அத்தையின் முறை வந்துவிட்டது. அத்தைக்கு விரல்கள் மரத்துப்போய், இறால் கையில் பட்டாலும் உணராத நிலை. அன்று அவர் கரையேறும்போது பறியின் அடியில் ரெண்டு உளுவை மீன் மட்டும் கிடந்தது. மரத்தடிக்கு வருவதற்குள் பறி நிறைந்துவிட்டது. தராசு முள் இறங்கியதைப் பார்த்து எனக்கு அப்பாடா என்று இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு எந்த வாரம் சொல்வது?

இத்தனைக்கும் ஆற்றில் மீன் குறைந்துகொண்டே வந்தது. மேற்கே இருக்கும் இறால் பண்ணையின் கழிவு, வடிகால் வழியாக நேரே நாங்கள் தடவும் இடத்தில்தான் வந்து விழுகிறது. தண்ணீரில் இறங்கியவர்களுக்குக் காலெல்லாம் அரிப்பு. அந்த வடிகாலை வேறு பக்கம் திருப்பிவிடச் சொல்லி மனு கொடுத்திருந்தோம். அது நடக்காவிட்டால் எங்களுக்கு இந்த ஆறு இல்லை. இறங்கித் தடவ வேறு தண்ணீரும் இல்லை.

மனு மேல் விசாரணை என்று தாலுகா ஆபீசில் கூப்பிட்டார்கள். பெண்கள் எல்லோரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனோம். அதிகாரி தன்மையான மனிதர்தான், உட்காரச் சொன்னார். பிறகு கும்பகோணத்துப் பெண் அனுப்பியிருந்த கணக்குத் தாளைப் புரட்டிவிட்டு, "உங்க ஊர்லயே ஆள் வச்சு நிறுத்துருக்காங்கம்மா. ஒவ்வொரு பறியிலயும் நல்லாத்தானே விழுந்துருக்கு? மீன் இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார்.

அந்த ஆள் நான்தான். தொப்பியை நல்லவேளை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். எதிரே அத்தை உட்கார்ந்திருந்தார். 'அதெல்லாம் இவங்களுக்கு மத்தவங்க போட்டது சார்' என்று அத்தனை பேர் மத்தியில் எப்படிச் சொல்வது? எழாமலே இருந்துவிட்டேன். அடுத்த விசாரணையில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது பெண்களுக்கு ஒரே சந்தோஷம். "நல்லா விழுந்துருக்குன்னு ஆபீசரே சொல்லிட்டாரு பாத்தியா" என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனு கவிழப்போவது அவர்களுக்கு உறைக்கவில்லை. மானம் தப்பித்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. அத்தையும் சிரித்தார். எனக்கு அந்தப் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் அந்தக் கும்பகோணத்துப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள். பிறகு, இனிமேல் தண்ணீர் ஓரத்திலேயே நிறுப்போம், கை போடுவதற்கு முன்னால், எல்லோர் பறியையும் என்றாள். அந்தக் கணக்குதான் அடுத்த விசாரணைக்குப் போகும்.

அத்தையிடம் சொன்னபோது அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"நாலு பேரு முன்னாடி என் பறியத் தொறந்து காட்டணுங்கிறியா?"

"காட்டலன்னா வடிகாலு அங்கேயேதான் விழும் அத்தை. ஆபீசர் சொன்னது பாராட்டு இல்ல. நம்ம மனுவைத் தள்ளுறதுக்குச் சொன்னாரு."

அவர் தண்ணீரை வடித்தார். மறுபடி தண்ணீர் ஊற்றினார். "சரி, நிறு" என்றார். மற்ற பெண்களுக்கும் அவரேதான் எடுத்துச் சொன்னார்.

முதல் நாள் ஆற்றோரத்தில் ஒரு கம்பை ஊன்றித் தராசைத் தொங்கவிட்டோம். பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். பறியைக் கொடுத்துவிட்டு ஆற்றைப் பார்த்து நின்றார்கள். அத்தை வரும்போது பக்கத்தில் வந்த என் சின்ன மாமியார், பழக்கதோஷத்தில், கை நிறைய இறாலை எடுத்து அவர் பறிப்பக்கம் கொண்டுபோனார். நான் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் சின்னத்தை. நிறுத்துட்டுப் போடுங்க."

அத்தை தானே பறியைக் கொக்கியில் மாட்டினார். முள் அசையவில்லை. "எவ்வளவு அக்கா?" என்று கும்பகோணத்துப் பெண்ணோடு வந்திருந்த, கணக்கு எழுதுகிற பெண் கேட்டாள். அவளுக்கும் தெரிகிறது, இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். "ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னேன். மெதுவாகச் சொன்னதால் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

நிறுத்தாயிற்று. சின்ன மாமியார் இறாலை இன்னும் கையிலேயே வைத்திருந்தார், நீட்டினார். அத்தை பறியைக் கழற்றி இடுப்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"வாங்கிக்கோங்க அத்தை, எப்பவும் வாங்குறதுதானே" என்றேன்.

"பாக்கறதுக்கு முந்திப் போட்டா மீனு. பாத்தப்புறம் போட்டா பிச்சைடி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் முன்னால் நடந்தார். நான் தராசைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். அன்று வீட்டில் சோறும் ஊறுகாயும்தான். அத்தை எனக்கு எப்போதும் போல நிறையத்தான் போட்டார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட என்னால் முடியவில்லை. ஒரு நாள் கணக்கு செல்லாதாம், விசாரணை வரைக்கும் வாராவாரம் நிறுக்க வேண்டுமாம். அதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.