சோர்ஸ் இல்லாத தராசு மாட்யூல்

தராசுக்காக எழுதி வாங்கிய மாட்யூலை இன்று காலை எழுதியவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அம்பத்தூரில் போல்ட், நட்டை எடை போட்டு விற்கிறேன். ஸ்டாக் கணக்கு முழுக்க ஈமேக்ஸ் என்ற இலவச டெக்ஸ்ட் எடிட்டரில். தராசு காட்டும் எடை நேராக அதில் விழத்தான் இந்த மாட்யூல், எடிட்டரோடு சேர்ந்து ஓடும் சின்ன புரோகிராம். அதை எழுதிய நண்பர் கோவில்பதாகையிலிருந்து, பில்ட் பண்ணி முடித்த ஃபைலை மட்டும் பென்டிரைவில் கொண்டுவந்தார்.

எடிட்டர் அதை ஏற்றவில்லை. ஜிபிஎல் உரிமத்துக்கு ஒத்துக்கொள்கிறேன் என்ற அறிவிப்பு மாட்யூலில் இல்லையாம். வாங்குபவருக்கு, படித்து மாற்றிக்கொள்ளக்கூடிய சோர்ஸ் கோடும் தர வேண்டும் என்பதுதான் அந்த உரிமம்.

"ஒரு வரிதான் அண்ணாத்தே, சேர்த்தா ஏறிடும்" என்றார்.

"சேத்துடு மாமே. அப்படியே சோர்ஸையும் குடு."

"அத்த மட்டும் கேக்காத. எதுனா மாறிச்சுன்னா நானே வந்து பில்ட் பண்ணித் தரேன்."

"பில்லிங் சாப்ட்வேர் வித்தவனும் இதத்தான் சொன்னான். இப்ப போனே எடுக்கறதில்ல."

"ஃப்ரீ எடிட்டர் அண்ணாத்தே. யாரு வந்து கேக்கப்போறா?"

"நான் கேக்கறேன்."

அப்போதுதான் பென்டிரைவைக் கழற்றிக் கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து தன் லேப்டாப்பைத் திறந்தார்.

அந்த ஒரு வரியும் சேர்ந்து சோர்ஸ் என் மெஷினுக்கு வந்தது. பில்ட் பண்ணியது நான். தராசில் ஒரு கை வாஷர் போட்டேன். எடை திரையில் வந்து நின்றது.

பேசி முடித்தது இதுதான்: முதலில் சொன்ன எட்டாயிரம், சோர்ஸோடு. அடுத்த மாற்றத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பது என் இஷ்டம். அவரையே கூப்பிட்டாலும் கூப்பிடுவேன், வேலை சுத்தம்.