ஷிரினின் அளவுமேசை

அளவில் குழப்பம் வரக்கூடாதென்று மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் போட்டு, மின்விசிறியையும் நிறுத்திய பிறகுதான் ஷிரின் வேலையில் கை வைப்பாள். கள்ளக்குறிச்சி கடைவீதியில், அப்பா பக்கீர் முகமதுவின் இரும்புக் கடைக்கு மேலே அவள் அறை. ஊரடங்கு வந்ததும் பெங்களூரு அலுவலகம் அளவுக் கருவியையும் ஒரு சர்க்யூட் போர்டையும் அங்கேயே அனுப்பிவிட்டது. கருவி அலமாரியில், போர்டு மேசையில், நடுவே கேபிள். போர்டுக்குள் மின்சாரத்தைப் பரப்பும் செம்புத் தளம் எவ்வளவு தடை தருகிறது என்று அளக்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்னும்படி சிறிய தடை அது. கேபிள் கொஞ்சம் வளைந்தாலும் திரையில் கோடு துள்ளும்.

"ஃபேனைப் போட்டுக்கினா இன்னாடி, இப்படி வேர்த்துக் கொட்டுது" என்பாள் அம்மா ரஜியா.

"காத்துல கேபிள் ஆடும்மா" என்பாள் இவள், தலை நிமிராமல். பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள்.

அப்படியும் காலையில் வந்த அளவு மதியம் வரவில்லை. கனெக்டரைத் திருகிப் பார்த்தாள், கேபிளை மாற்றிப் பார்த்தாள். சலித்துப்போய், போர்டில்தான் கோளாறு என்று எழுதி அனுப்பிவிட்டாள். போர்டை வரைந்தவன் அதே அலுவலகத்தில் வேலை செய்யும் நைனார்பாளையத்து அறிவுச்செல்வன். இடஒதுக்கீட்டு மறியல்கள் நடந்துகொண்டிருந்த நேரம். அவனும் ஒரு நாள் போய் உட்கார்ந்து வந்திருந்தான். புத்தி ரோட்டில் இருந்தால் படம் எப்படி ஒழுங்காக வரும் என்று மேலாளர் குத்திப் பேசினார். அடுத்த கூட்டத்தில் அவனை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. ஷிரினுக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தன்று நண்பகல் லுஹர் தொழுகைக்காக மேசையைச் சுவரோரம் தள்ளினாள். சின்ன அறை, மேசை ஒதுங்கினால்தான் பாய் விரியும். தள்ளிய கை அப்படியே நின்றது. காலையில் கேபிள் கிடக்கும் நிலைக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்து வைக்கும்போது அதற்கு ஒரு வளைவு. தொழுதுவிட்டு மேசையை இழுத்துப் போட்டு அளக்கும்போது வேறு வளைவு. தினமும் தானே கெடுத்துவிட்டு, பழியை இன்னொருவன் தலையில் போட்டிருக்கிறாள்.

தொழுது முடித்து மேசையை இழுத்தாள். கேபிளை டேப் போட்டு ஒட்டி, கருவியைப் புதிதாகச் சரிசெய்து அளந்தாள். கோடு அசையவில்லை. போர்டு நன்றாகத்தான் இருந்தது.

அறிவுச்செல்வனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கேபிள் பழுதுன்னு சொல்லிடுங்க. உங்க வேலையும் போச்சின்னா இன்னாங்க பண்றது?"

கூட்டம் தொடங்கியது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஷிரின் கூட்டங்களில் காமிராவைத் திறந்ததே இல்லை. கறுப்புக் கட்டத்தில் பெயர் மட்டும் தெரியும். அன்று தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, யாரும் கேட்காமலே முகத்தைக் காட்டி, "தப்பு போர்டுல இல்ல, நான் அளந்ததுலதான்" என்று தொடங்கினாள்.